மாப்பிள்ளைக்குப் பூசிய சூட எண்ணெய்

ஊரிலிருந்து யாராவது போன் பண்ணி, துபாயில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், "குதிரைக்கு மூக்குச் சிந்திவிடுகிறேன்" என்று சொல்வேன். அந்தப் பக்கத்தில் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். பிறகு சிரிப்பார்கள். வெளியே சொல்லக் கூசுகிற ஏதோ ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு நான் மழுப்புகிறேன் என்று என் மைத்துனர் இன்றுவரை நம்புகிறார். ஆனால் நான் சொல்வது அத்தனையும் உண்மை. விடிகிற நேரத்தில் பந்தயக் குதிரை பயிற்சி ஓட்டம் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வரும். ஈர ஸ்பஞ்சை மடித்து அதன் மூக்குத் துளைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் கைப்பிடி மணல் வரும். கண்ணோரத்தில் கொஞ்சம், உதட்டுக்கு உள்ளே கொஞ்சம், காதுக்குள் கொஞ்சம். அறந்தாங்கியில் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒரு குதிரையின் மூக்குக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று எப்படித் தெரியும்? ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன். என் பெயர் மணிமுத்து. இங்கே எல்லோருக்கும் மணி.

எங்கள் லாயம் ஊருக்கு வெளியே, பாலைவனத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பயிற்சிப் பாதைகள். உள்வட்டம் சிந்தெட்டிக். மணலோடு நார், ரப்பர்த் துணுக்கு எல்லாம் கலந்து மேலே மெழுகைப் பிசறி வைத்திருப்பார்கள். கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை மாவு போல அப்படியே நிற்கும். மழை பெய்தாலும் சேறாகாது, வெயில் அடித்தாலும் தூசி கிளம்பாது. வெளிவட்டம் டர்ட். மணலும் களியும் கலந்த வெறும் மண். டர்ட் என்றால் அழுக்கு என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அந்த அழுக்கில்தான் பெரிய பந்தயங்கள் எல்லாம் நடக்கின்றன, உலகத்தின் பணக்காரக் குதிரைகள் எல்லாம் அதில் உருள வருகின்றன. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்புதான். எது எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு முதல் வருடத்தில் ஆறு மாதம் பிடித்தது. ஆனால் குதிரைக்கு ஒரே எட்டில் தெரிந்துவிடும். சிந்தெட்டிக்கில் கால் வைத்தால் வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். டர்ட்டில் கால் முன்னால் கொஞ்சம் வழுக்கிவிட்டுத்தான் நிற்கும்; அதற்குப் பிறகு மண்ணைத் தோண்டித் தள்ளிக்கொண்டு எழும்ப வேண்டும். போதாததற்கு முன்னால் ஓடுகிற குதிரை பின்காலால் வாரியிறைக்கிற மண் முழுவதும் பின்னால் வருபவன் முகத்தில்தான் விழும். கிக்பேக் என்பார்கள். சிந்தெட்டிக்கிலும் கொஞ்சம் தெறிக்கும், ஆனால் அது பஞ்சு மாதிரி. டர்ட்டில் வந்து விழுவது கல்லடி.

போன வருடம் குளிர் தொடங்குகிற நேரத்தில் இங்கிலாந்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவன்தான் மாப்பிள்ளை. ஐந்து வயது, செம்பழுப்பு, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளை. அவனுடைய பந்தயப் பெயர் என் வாயில் நுழையாது. வந்த அன்றைக்குத் தண்ணீர் வாளியை மோந்துவிட்டுத் தள்ளினான். புல்லை உதறிப் பார்த்துப் பொறுக்கித் தின்றான். மின்விசிறி திசை மாறினால் கதவை உதைத்தான். "தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கூட இவ்வளவு முறுக்கிக்கொள்ள மாட்டான்" என்று நான் சொன்னதிலிருந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் பயிற்சியாளர் ஹெலன் மேடம்கூட "ஹௌ இஸ் மாப்லாய்?" என்று கேட்கத் தொடங்கினார். அவன் சிந்தெட்டிக்கில் ஓடிப் பேர் வாங்கியவன். கடைசிவரை பின்னால் பதுங்கிக் கிடந்து கடைசித் திருப்பத்தில் எல்லோரையும் விழுங்குவதுதான் அவன் பாணி. அந்தக் காணொளிகளை எல்லாம் நான் போனில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மூன்று குதிரைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் மனசு முழுக்க அவன் மேல்தான். ஒன்பது வருடத்தில் நான் கயிறு பிடித்து அழைத்துப்போன குதிரை ஒன்றுகூட டர்ட்டில் முதல் இரண்டுக்குள் வந்ததில்லை. இவன்தான் என் குதிரை என்று முடிவே கட்டிவிட்டேன்.

முதல் நாள் டர்ட்டில் இறக்கியபோதே அந்த ஆசையில் மண் விழுந்தது. முன்னால் ஒரு குதிரையை விட்டு அதன் பின்னால் இவனை ஓட்டினார்கள். முதல் பிடி மண் மூஞ்சியில் பட்டதுதான் தாமதம், தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டான். திரும்பி வந்தவனைக் கழுவினேன். நெற்றி சுத்தமாக இருந்தது. தாடைக்கு அடியிலும் நெஞ்சிலும் மட்டும் மண் அப்பியிருந்தது. எங்கள் மேஸ்திரி இத்ரிஸ் சூடான்காரர், வயது அறுபதை நெருங்குகிறது. அவர் அந்த நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் இந்தியில் சொன்னார்: "மணி, இவன் தலையைத் தூக்கிட்டான். தூக்குனா மண்ணு இங்க. தலையைக் குனிஞ்சு முகத்தைக் குடுத்தா மண்ணு நெத்தில. நெத்தில மண்ணு வர்ற அன்னைக்கு என்னைக் கூப்பிடு." அதற்குப் பிறகு தினமும் ஸ்பஞ்சோடு நான் முதலில் பார்ப்பது நெற்றியைத்தான். சுத்தமான நெற்றியைப் பார்த்து வருத்தப்படுகிற வேலை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

முதல் பந்தயத்தில் பன்னிரண்டு குதிரைகளில் பன்னிரண்டாவதாக வந்தான். வலையில் செய்த கண்மூடி போட்டும் பயனில்லை. மறுநாள் ஹெலன் மேடம் பெட்டியின் கதவில் சாய்ந்து நின்றார். குதிரை நிற்கும் அறையைத்தான் பெட்டி என்போம். குதிரையின் முதலாளி இன்னும் ஒரே ஒரு பந்தயம் பார்ப்பாராம். அதிலும் இப்படித்தான் என்றால் விற்பனைப் பட்டியலில் போட்டுவிடுவார்கள். விற்றால் எங்கே போவான் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். யார் வாங்குகிறார்களோ அங்கே. மேடம் கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ஓடாத குதிரைக்கு இந்த ஊரில் புல் கிடையாது. ஓடாத மனிதனுக்கு விசா கிடையாது என்பது மாதிரிதான்.

அதிலிருந்து ஒரு வேகம் வந்துவிட்டது எல்லோருக்கும். முதலில் வெறும் நடை, இரண்டு குதிரைக்குப் பின்னால். பிறகு மெதுவோட்டம், பத்தடி தள்ளி. பிறகு ஐந்தடி. மண் விழுந்தால் செத்துப்போக மாட்டோம் என்பது அவனுக்கே புரிய வேண்டும் என்றார் மேடம். முகம் பழகுவதற்கு முன்னால் உடம்புக்கு வேறு தொல்லை வந்தது. டர்ட்டில் வழுக்குகிற காலைப் பிடித்து நிறுத்துவதெல்லாம் பின்பக்கத்துத் தசைதான். சிந்தெட்டிக்கில் அந்தத் தசைக்கு அவ்வளவு வேலை இருக்காது. மாப்பிள்ளைக்கு வலது பின்தொடை கல்லாக இறுகிவிட்டது. விரலை வைத்தாலே தோல் சிலிர்த்துச் சுருங்கும். காலை மாற்றி மாற்றி நிற்பான். டாக்டர் வந்து பார்த்தார். காயம் ஒன்றுமில்லை, புதுத் தரைக்கு உடம்பு பழகுகிற வலிதான், நடத்திவிடு, குளிர்ந்த தண்ணீர் அடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வலி எனக்குத் தெரியும். இங்கே வருவதற்கு முன்னால் சவூதியில், ஜுபைலில் இரண்டு வருடம் காண்டிராக்டில் இருந்தேன். ரசாயன ஆலையில் குழாய்களுக்கு நடுவே உயரத்தில் இரும்புக் கம்பி வலைப் பாலங்கள் இருக்கும். காலில் இரும்பு மூக்கு வைத்த ஷூ. லாரியில் உட்கார்ந்தே பழகியவன் பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கம்பியில் நின்றால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் கெண்டைக்கால் இரண்டும் கட்டி ஏறிவிட்டது. கேம்ப்பில் மேல்கட்டிலுக்கு ஏற முடியாமல் கீழே தரையில் படுத்திருந்தேன். அறைக்காரர் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய தலையெண்ணெய்ப் புட்டியை எடுத்தார். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துச் சூடத்தைப் பொடித்துப் போட்டது. கேம்ப்பில் தமிழன் படுத்த கட்டிலுக்கெல்லாம் அடியில் அப்படி ஒரு புட்டி இருந்தது. நெஞ்சுச் சளிக்கும் அதுதான், கால் வலிக்கும் அதுதான், ஊர் ஞாபகத்தில் தூக்கம் வராதவனும் அதைத்தான் நெற்றியில் தடவிக்கொள்வான். அவர் என் காலை மடியில் வைத்து உருவிவிட்டபோது, முன்பின் தெரியாத ஒருவர் என் காலைத் தொடுகிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றே நாளில் எழுந்து நடந்தேன்.

ஆகவே நான் செய்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மதிய நேரத்தில் லாயமே உறங்கும். சாமி படத்துக்கு ஏற்ற வைத்திருந்த சூடத்தில் நாலு வில்லையைப் பொடித்து எண்ணெயில் போட்டுச் சூடாக்கி மாப்பிள்ளையின் தொடையில் தேய்த்தேன். முதல் நாள் காதைப் பின்னுக்கு மடக்கினான். இரண்டாம் நாள் கீழுதட்டைத் தொங்கப் போட்டுவிட்டான். குதிரைக்கு உதடு தொங்கினால் சொர்க்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். விடியற்காலையில் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுவேன், யாருக்கும் வாசனை தெரியாது. திருட்டுத்தனம் செய்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பாராட்டை நான் ஒருவனே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நப்பாசை இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் தொடை இளகிவிட்டது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் ஒன்றும் தெரியாதவன் போல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உள்ளுக்குள் தலை கால் புரியவில்லை.

பக்கத்துப் பெட்டிகளைப் பார்ப்பவர் சிவபாலன். ஹட்டன்காரர், மலையகத்துத் தமிழர், முப்பது வயதிருக்கும். இங்கிலீஷ் நன்றாக வாசிப்பார். பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மதியம் மாப்பிள்ளையின் பெட்டிக்கு வந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அண்ணே, குதிர பெட்டியில கோயில் வாசம் அடிக்குது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. கால்ல கொஞ்சம் எண்ணெ போட்டேன்."

சிரித்துவிட்டுப் போனார். சாயங்காலம் கேம்ப் பஸ்ஸுக்காக அலுவலகத்து வாசலில் நின்றோம். அங்கே ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. தடை செய்யப்பட்ட பொருட்கள் என்று படத்தோடு ஒரு தாள் வருடக்கணக்காக ஒட்டியிருக்கிறது, இங்கிலீஷிலும் அரபியிலும் உருதுவிலும் இந்தியிலும். காபிக் கோப்பைப் படம், சாக்லேட் படம், வலித்தைலப் படம். நான் தினமும் அதில்தான் சாய்ந்து நிற்பேன். அன்றைக்குப் பஸ் தாமதம். சிவபாலன் பொழுதுபோகாமல் அந்த எழுத்துகளை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. இந்தா, கேம்ஃபர்னு போட்டுருக்கான். இது கற்பூரம் தானே?"

"சூடமா?"

"ஆமாண்ணே, நம்ம சாமிக்கு ஏத்துறது. தோல்ல போட்டாலும் ரத்தத்துல போயிருமாம். ஓட்டம் முடிஞ்சு மூத்திரத்தை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிருமாம்."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டு, "வாங்க" என்றார். நான் ஏறவில்லை. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, வாசிக்கத் தெரியாத எழுத்துகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம். இரண்டு நாளில் சூடம் ரத்தத்தைவிட்டுப் போய்விடலாம், போகாமலும் இருக்கலாம். மாப்பிள்ளை நன்றாக ஓடினால்தான் சோதனை செய்வார்கள், கடைசியில் வந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதாவது அவன் தோற்றால் நான் தப்பிப்பேன், அவன் விற்கப்படுவான். அவன் ஜெயித்தால் சோதனையில் சிக்கும். மேடத்தின் லைசென்ஸ் போகும், அவனுக்குத் தடை வரும், என்னை மறுநாளே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சொல்லிவிட்டால்? பந்தயம் போகும். அந்த ஒரே ஒரு பந்தயம். எந்தப் பக்கம் போனாலும் அவனைக் கெடுத்தது நான்தான். கடைசியில் கால் தானாக அலுவலகத்துக்குள் போய்விட்டது.

ஹெலன் மேடம் கணினியில் இருந்தார். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷும் மறந்துபோயிற்று. கேம்ஃபர் என்று சற்று முன்னால் கேட்ட வார்த்தைகூட வரவில்லை.

"மேடம், மாப்ளே. காட் ஆயில். ஐ புட். ஒயிட். ஃபயர்."

"ஃபயர்?" என்று எழுந்தவர் என்னைத் தள்ளிக்கொண்டு சுவரிலிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கிக்கொண்டு லாயத்தைப் பார்த்து ஓடினார். வைக்கோல் உள்ள இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? நானும் பின்னாலேயே "நோ ஃபயர், நோ ஃபயர்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பெட்டியில் மாப்பிள்ளை சாவகாசமாகப் புல் மென்றுகொண்டிருந்தான். மேடம் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல. நான் தீவன அறையில் ஒளித்துவைத்திருந்த புட்டியை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். அவ்வளவுதான், முகத்தில் ரத்தமே இல்லை.

"வென்?"

"எவ்ரிடே, மேடம். டுடே ஆல்ஸோ."

சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பந்தயத்துக்குப் பிறகு சொல்லியிருந்தால் நம் இரண்டு பேர் கதையும் முடிந்திருக்கும், முன்னால் சொன்னாய், அது ஒன்றுதான் நீ செய்த நல்ல காரியம் என்றார். போனை எடுத்து முதலில் டாக்டரைக் கூப்பிட்டார், பிறகு முதலாளியை. முதலாளியிடம் பேசும்போது என் பெயரைச் சொல்லவில்லை, "எங்கள் லாயத்தில் ஒரு தவறு நடந்துவிட்டது" என்றார். அது என் காதில் விழுந்தது. இன்றைக்கும் அந்த "எங்கள்" என்ற சொல்லுக்காக அவருக்கு நான் என்ன வேலையும் செய்வேன்.

மாப்பிள்ளை அந்தப் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டான். சீசனின் கடைசிப் பந்தய நாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று சோதனையில் வந்தால் அதில் ஓடலாம். முதலாளி மனசு வைத்து அதுவரை பொறுக்கிறேன் என்றாராம். எனக்குத் தண்டனை, கடைசி வரிசைக்கு மாற்றம். சாணி வண்டியும் குட்டிக் குதிரைகளும். மாப்பிள்ளையைத் தொடக்கூடாது. அவனை இத்ரிஸே நேரடியாகப் பார்த்துக்கொள்வார். என் அறையிலிருந்த சூடம் அத்தனையையும் பக்கத்துக் கேம்ப் பெயின்டர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் பாட்டரியில் எரிகிற ஒரு குட்டி விளக்கை வைத்தேன். கும்பிட்டுவிட்டுக் கையை நீட்டினால் ஒற்றிக்கொள்ள அங்கே சூடே இல்லை. சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு அது ரொம்பவே கஷ்டமாக இருந்தது. தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் சிவபாலன் என் இரண்டு கையையும் முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. அந்த வாசனை தெரிந்த மூக்கு அவருடையதுதானே. "மணமில்ல அண்ணே, போங்க" என்பார், போலீஸ்காரர் தோரணையில்.

தொடக்கூடாது என்றார்களே ஒழியப் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. சாணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சாக்கில் இத்ரிஸிடம், "வலது பின்தொடை, உள்பக்கம், ஒரு முடிச்சு இருக்கும், கட்டை விரலால் சுத்தி சுத்தி" என்பேன். அவர் எண்ணெய் இல்லாமல் வெறும் கையால் உருவினார். மாப்பிள்ளை என் குரல் கேட்டால் கனைப்பான். நான் நிற்காமல் போய்விடுவேன். திரும்பிப் பார்த்தால் மனசு கேட்காது.

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருந்தபோது நான் குப்பைக் குழிக்கு அருகே வண்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். "யா மணி" என்று குரல் கேட்டது. இத்ரிஸ் ஓட்டம் முடிந்து ஆவி பறக்க நின்ற மாப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவும் இடம் எங்கேயோ இருக்க, கழுவாமல் இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டுவந்திருந்தார். அவனுடைய நெற்றி வெள்ளையைக் காணோம். கண்ணுக்கு மேலே இருந்து மூக்கு நுனிவரை ஒரே மண். தாடைக்கு அடியில் ஒரு பொட்டு மண் இல்லை.

"ஷூஃப்," என்றார் இத்ரிஸ். பார் என்று அர்த்தம். "மூணு குதிர முன்னால. தலைய குனிஞ்சான். உள்ள பூந்துட்டான்."

வண்டியைப் போட்டுவிட்டு நான் குதித்தேன். ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதன் சாணிக் குழிக்கு முன்னால் அப்படிக் குதித்ததை இத்ரிஸ் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். முகத்தைத் தொட்டுப் பார்க்கத் துடித்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ரத்தச் சோதனையும் அந்த வாரமே சுத்தமாக வந்துவிட்டது.

பந்தயம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பிடித்து நடத்துகிற வேலை எனக்கு இல்லாததால் பொதுமக்கள் நிற்கிற வேலிப் பக்கம் சிவபாலனோடு நின்றேன். ஒன்பது வருடத்தில் ஒரு பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் குடும்பத்தோடு வந்தவர்கள், ஐஸ்கிரீம், தொப்பி. இவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு, எனக்கு உயிர் போகிறது என்று யாரையாவது பிடித்து உலுக்கிச் சொல்லலாம் போல இருந்தது. கேட் திறந்தது. மாப்பிள்ளை எப்போதும் போல மெதுவாகத்தான் கிளம்பினான். எட்டாவதோ ஒன்பதாவதோ. எதிர்ப்பக்கம் போனதும் ஒரே மண் மேகம். ஜாக்கியின் நீலச் சட்டை பழுப்பாகிவிட்டது, யார் யார் என்று தெரியவில்லை. பெரிய திரையில் கண்ணை வைத்தேன். திருப்பத்துக்கு முன்னால் ஒரு தலை மேலே எழும்பியது. அவன்தான். "முடிஞ்சுது தம்பி," என்றேன். சிவபாலன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பொறுங்க அண்ணே, பொறுங்க."

தலை இறங்கியது. இறங்கி, முன்னால் போகிற இரண்டு குதிரைக்கு நடுவே ஒரு ஆள் அகல இடைவெளி இருந்தது பாருங்கள், மண் அருவியாகக் கொட்டுகிற இடம், அதற்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு நுழைந்தான். ஆறாவது. நாலாவது. நேர்ப்பாதைக்கு வந்தபோது எங்கள் வேலியே அதிர்ந்தது. "வாடா மாப்ளே, வாடா, வாடா" என்று நான் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர்களுடைய சின்னப் பெண்ணும் என்னோடு சேர்ந்து "வாடா வாடா" என்று கத்தத் தொடங்கிவிட்டாள். மூன்றாவது. இரண்டாவது. கோட்டைத் தாண்டும்போது முதல் குதிரையின் மூக்குக்குப் பக்கத்திலேயே இவனுடைய மூக்கு. போட்டோ பார்த்துத்தான் சொன்னார்கள், இரண்டாவது என்று. ஜெயிக்கவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரியே இருந்தது. சிவபாலனைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அரை மணி கழித்து ஹெலன் மேடம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து என்னைத் தேடினார். மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டதில் முகமெல்லாம் மண், கண்ணீர் வழிந்த இடம் மட்டும் கோடு கோடாகச் சுத்தம். முதலாளி விற்கவில்லை, கோடைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பிச் சிந்தெட்டிக்கில் ஓட்டிவிட்டு மறுபடி குளிருக்கு இங்கேயே கொண்டுவருகிறார் என்றார். அதற்குப் பிறகு, "கிவ் மீ யுவர் ஹாண்ட்ஸ்" என்றார். வேலிக் கம்பிக்கு ஊடே இரண்டு கையையும் நீட்டினேன். குனிந்து, தானே முகர்ந்து பார்த்தார். "ஓகே. பெட்டி பதினாலு, மாப்லாய். இன்றிலிருந்து உன் குதிரை" என்றார்.

சாயங்காலம் லாயத்துக்குத் திரும்பி அவனைக் கழுவித் துடைத்து, புல் போட்டு, பெட்டி வாசலில் உட்கார்ந்து செல்விக்கு வீடியோ கால் போட்டேன். என் மனைவிக்கு மூன்று வாரமாக எல்லாம் தெரியும். மாப்பிள்ளையைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். "இவருக்காகவா இவ்வளவு பாடு பட்டீங்க" என்று சிரித்தாள். பிறகு போனைச் சாமி அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு எங்கோ போனாள். நான் எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டோடு வந்தாள்.

"நீங்க அங்க ஏத்தக் கூடாதுல்ல. அதான் இங்க ஏத்துறேன். கும்பிட்டுக்கங்க."

சூடத்தைக் கொளுத்திச் சாமிக்குக் காட்டிவிட்டுத் தட்டைப் போன் பக்கம் நீட்டினாள். திரை முழுவதும் சுடர் ஆடியது. நான் இரண்டு கையையும் அந்தக் கண்ணாடிமேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சூடு இல்லை, வாசனை இல்லை. என்னையறியாமல் ஒருமுறை கையை முகர்ந்து பார்த்தேன். பிறகு அந்தக் கையை உள்ளே நீட்டி, அவனுடைய நெற்றியில் வைத்தேன்.